மூன்று தலைவர்களும் ஏழு பந்துகளும்

ரக்பி சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது, பந்தைத் தொடாமலே அடிபடுகிற உத்தியோகம்.

மரண உதவிச் சங்கம், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் செயலாளராக இருந்து நொந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். தலைவர் வருவார், மாலை போட்டுக்கொள்வார், போட்டோ எடுத்துக்கொள்வார், போய்விடுவார். மாலைக்காரனுக்குக் காசு தேடி அலைவது நாம்தான்.

நான் கலவானப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்களம் எழுதுவேன், இங்கிலிஷில் கடிதம் அடிப்பேன், தமிழில் திட்டு வாங்குவேன். இந்த மூன்று தகுதியையும் பார்த்துத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பிடித்து, சின்னச் சம்பளம் ஒன்றும் போட்டு, எங்கள் பகுதி ரக்பி சங்கத்தில் உட்கார வைத்தார்கள். டவுன் அணி ஒன்று, தோட்டத்து அணி நாலு, பெண்கள் அணி ஒன்று. ஆபீஸ், ஹாஜியாருடைய ஹார்ட்வேர் கடைக்கு மேல் மாடி. வாடகை அவருக்குக் கொடுக்க வேண்டியது. கொடுத்தது எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெண்கள் அணித் தலைவி பவானி. ரப்பர் பால் வெட்டுகிற புள்ள. கொழும்பில் ஒரு பெரிய அணி இருக்கிறது; விளையாட எடுத்துக்கொண்டால் கூடவே நிரந்தர உத்தியோகமும் கொடுப்பார்கள். அந்த அணிக்குப் போக வேண்டும், அதுவும் இருபத்தைந்து வயசு முடிவதற்குள் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே குறி. அதற்கு வேண்டியதெல்லாம் அவள் கால்களில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: பதிவுப் படிவத்தில் சங்கத் தலைவரின் கையெழுத்து. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அந்தப் பூசாரிகளின் கதைதான் இது.

மழை வந்தால்தான் பயிற்சி

நான் சேர்ந்தபோது தலைவராக இருந்தவர் ஒரு மாணிக்கக்கல் முதலாளி. சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார், கை தாராளம். பதவிக்கு வந்த முதல் வாரமே, பெண்கள் அணியின் பயிற்சியைப் பார்க்க வெள்ளை உடுப்போடு மைதானத்துக்குப் போயிருக்கிறார். நல்ல வெயில். மைதானத்தில் இரண்டு மாடு மட்டும் நின்றிருக்கிறது. நேரே மாடியேறி வந்து என் மேசையில் தட்டினார். "டீம் எங்க? பேப்பர்ல மட்டுமா டீம்?"

உட்கார வைத்து விளக்கினேன். வெயில் நாளில் புள்ளைகள் விடியற்காலையே பால் வெட்டப் போய்விடும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் கைக்காசுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும். பந்துக்கு நேரம் ஏது? மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், வெட்டினாலும் பால் தண்ணீரோடு போய்விடும், அதனால் வேலை இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. அப்போது பாருங்கள், ஒருத்தி மிஞ்சாமல் சேற்றில் நிற்பார்கள். சம்பளம் போன எரிச்சலையெல்லாம் எதிரில் வருகிறவள் மேல் இறக்குவார்கள். அதனால்தான் சேற்றில் இவர்களை ஜெயிக்க இந்த மாகாணத்தில் ஆள் இல்லை.

முதலாளி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, யோசிக்கிறவர்தான். பிறகு சொன்னார்: "மத்த டீமுக்கு எல்லாம் ஸ்பொன்சர் வேணும் செக்ரட்டரி. நம்ம டீமுக்கு மழை மட்டும் போதும் தானே?"

இரண்டு கால்கள்

அந்த வருஷம் தோட்டத்துக் கம்பனி ஒன்றும், டவுன் வியாபாரிகளும் சேர்ந்து சங்கத்துக்கு நல்ல தொகை கொடுத்தார்கள். ஆறு அணிக்கும் ஜெர்சி, பெண்கள் அணி கொழும்புப் போட்டிக்குப் போய்வர பஸ், மைதானக் குத்தகை, எல்லாவற்றுக்கும் வந்த காசு. முதலாளி அதை முழுசாகத் தூக்கி, கண்டியிலிருந்து ஒரு நட்சத்திர ஆட்டக்காரரைக் கூட்டிவந்தார். டவுன் ஆண்கள் அணிக்கு. "ஒரு பெரிய பேர் வந்தா சனம் வரும், சனம் வந்தா காசு வரும்" என்பது அவர் கணக்கு. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தப் பையனோடு நின்று போட்டோ எடுத்தவன்தான்.

சனம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எங்கள் மைதானத்தின் மேற்குப் பக்கம் காடு. மழைக்கு இரத்தம் உறிஞ்சுகிற அட்டை கூட்டம் கூட்டமாக வரும். எங்கள் ஆட்கள் பூட்ஸுக்குள் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். அதை அந்த நட்சத்திரத்திடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதியை யார் போய்ச் சொல்வார்கள்? இடைவேளையில் காலுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மனுஷன் மயங்கி விழுந்தார். தெளிந்து பிற்பாதியில் இறங்கியவர் வழுக்கி முட்டியைப் பிசகிக்கொண்டார். ஒரே ஒரு போட்டி. ஒப்பந்தப்படி முழுக் காசையும் கொடுத்து அனுப்பினோம்.

கொழும்புக்குப் பேசியிருந்த பஸ்ஸை நான்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. பவானி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கீழே கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஹாஜியார்தான் அவளுக்கும் சேர்த்து என்னிடம் கேட்டார்: "ரெண்டு காலுக்கு முழுக் காசையும் குடுத்திட்டீங்க கிளாக்கர். மிச்சக் கால் எல்லாம் கொழும்புக்கு நடந்தா போற?"

பங்கு

விட்ட காசைப் பிடிக்க முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கம் எந்தத் தட்டை நிலத்தைப் பார்த்தாலும் மாணிக்கக் கல்காரர்களுக்குக் கை அரிக்கும். அடியில் கல்படிந்த சரளை இருக்குமா, இருக்காதா? மைதானத்தின் ஒரு மூலையில் குழி வெட்டிப் பார்ப்போம், கல் வந்தால் சங்கத்தின் கடன் ஒரே நாளில் தீரும் என்றார். கல் குழியில் கூலி கிடையாது, எல்லாம் பங்குதான். நிலத்துக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கு ஒரு பங்கு, சாப்பாடு போடுகிறவருக்கு ஒரு பங்கு, இறங்கி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பங்கு. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பலகையில் எழுதிப் பார்த்தோம். நிலம் தோட்டத்துடையது. பத்திரம், மெஷின், சாப்பாடு மூன்றும் முதலாளியுடையது. வெட்டுகிறவன் பங்கில் கை வைக்க முடியாது. "அப்ப சங்கத்துக்கு?" என்று கேட்டேன். முதலாளி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சங்கத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூட்டமும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன், ஐயா. கடன்காரன் வாசலில் நிற்கும்போது தலை தானாக ஆடும்.

அதைவிடப் பெரிய கூத்து பிறகுதான் வந்தது. கல் குழிப் பக்கம் பொம்பளை போனால் கல் மறைந்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. குழி வெட்டுகிறவர்கள் அதில் கறார். ஆக, குழி திறந்திருக்கிற வரைக்கும் பெண்கள் அணி மைதானத்துக்கே வரக்கூடாது என்று நான் கடிதம் அடித்துக் கொடுக்க வேண்டும்! அடித்தேன். கை கூசியது, ஆனாலும் அடித்தேன். ஆறு வாரம் வெட்டினார்கள். களிமண், அதற்குக் கீழே தண்ணீர், அதற்கும் கீழே இன்னும் களிமண். கடைசியில் மழை குழியை நிரப்பியது, முதலாளி இராஜினாமாக் கடிதத்தை நிரப்பினார்.

குழியை மூடிய அன்றைக்குப் பவானி வந்து, கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மண்மேட்டைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். "நாங்க வந்தா கல்லு ஓடிப்போயிடும்னாங்களே ஐயா, எங்களவிட ஸ்பீடா ஓடுதுன்னா அதையே டீம்ல சேத்துக்கச் சொல்லுங்க."

ஆஸ்திரேலியா மாதிரி

அடுத்து வந்தவர் நாற்பது வருஷம் மெல்போனில் இருந்துவிட்டு, தகப்பன் வேலை பார்த்த தோட்டத்துப் பக்கமே வீடு கட்டிக்கொண்டு வந்த பெரியவர். நல்ல படிப்பு, சுத்தமான கை. முதல் கூட்டத்திலேயே ஹாஜியாருடைய கடைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கம்ப்யூட்டரில் படம் காட்டினார். ஆஸ்திரேலியாவில் ரக்பியை நடத்துகிற தலைமைச் சபையே கடனில் நிற்கிறதாம். பெரிய பெரிய போட்டிகள் வந்தால் கடன் தீரும் என்று காத்திருக்கிறதாம். மாநிலத்துக்கு ஒரு சங்கம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லையாம். பயிற்சியாளர் போனார், தலைவரை அங்கத்துவச் சங்கங்களே கடிதம் எழுதி இறக்கிவிட்டன என்றார். எங்கள் ஆட்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு பெரிய நாட்டுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன வெட்கம் என்று ஒரு தெம்பு வந்துவிட்டது. தோட்டத்து அணிக்காரர் ஒருவர் எழுந்து, "அவங்களுக்கும் நம்ம ஹாஜியார் மாதிரி யாராச்சும் இருக்காங்களாங்க?" என்று கேட்டார்.

பெரியவர் கண்ட மருந்து, எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருவது. முதலில் பந்துகள். சங்கத்தில் இருந்த ஏழு பந்தையும் வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டினார். வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, எடுத்துப் போய், மறுநாள் திருப்பித் தர வேண்டும். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. பந்து தொலைவது உண்மைதானே. ஆனால் எங்கள் தோட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மலையில். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பந்து வாங்க வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும், திருப்பிக் கொடுக்க வந்தால் இன்னொரு நாள். பவானி கூட்டம், மரத்தில் பால் பிடிக்கிற கொட்டாங்கச்சியில் காய்ந்து இறுகிய ஒட்டுப்பாலை உருட்டி, சாக்கில் கட்டி, அதை எறிந்து பிடித்துப் பழகியது. கனம் என்றால் கனம், நாற்றம் என்றால் நாற்றம். பந்துகள் ஏழும் அலமாரியில் தூசி படியாமல் பத்திரமாக இருந்தன.

கடைசியில் நாலு தோட்டத்து அணியும், பெண்கள் அணியும் சேர்ந்து தலைவர் விலக வேண்டும் என்று கடிதம் எழுத முடிவு செய்தன. யாரிடம் வந்து எழுதச் சொன்னார்கள்? என்னிடம்! ஆங்கிலத்தில் நானே அடித்தேன், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், செயலாளர் என்ற முறையில் நானே பெற்றுக்கொண்டு முத்திரை குத்தினேன், நானே கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தேன். மனசு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ஓர் இடத்தில் காற்புள்ளி போட்டுத் திருத்தினார். பிறகு எழுந்து எனக்குக் கை கொடுத்தார். "இதுக்கு அங்க எவ்வளவு கூட்டம், எவ்வளவு வக்கீல்! நீங்க ஒரே பக்கத்துல முடிச்சிட்டீங்க செயலாளர். நிர்வாகத்துல நாமதான் முன்னேறியிருக்கோம்."

ஒரு தடவை கேட்டால் போதுமா?

அந்த வருஷம்தான் நல்ல காலம் பிறந்தது போல இருந்தது. இரத்தினபுரியில் நடந்த ஒரு போட்டியில், கொட்டுகிற மழையில், பவானி கூட்டம் ஆடின ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கொழும்பு அணியின் தேர்வாளர் ஆறு பேரை எழுதிக்கொண்டு போனார். பவானி பேர் முதலில். படிவங்கள் தபாலில் வந்தன. தலைவர் கையெழுத்துப் போட்டு, குறித்த வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்துவிட வேண்டும். பவானிக்கு அடுத்த மாசம் இருபத்தைந்து முடிகிறது. பெரியவர் விலகியதிலிருந்து தலைவர் நாற்காலி காலி.

பொதுக்கூட்டம் போட்டோம். நடத்திவைக்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாரைப் போடுவது என்பதில் எங்களுக்குள் சந்தேகமே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கொடுத்த டாக்டரையா. மாலை, தேங்காய், எல்லாம் தயார். பேரை முன்மொழிந்தோம். டாக்டரையா எழுந்து, கை இரண்டையும் கூப்பி, "எனக்கு எதுக்குங்க இதெல்லாம், வேற நல்லவங்க இருக்காங்க" என்றார். நம் ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? முதல் தடவையே சரி என்றால் பதவிக்கு அலைகிறவன் என்று பேர் வராதா? அதிகாரி என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். நாற்பது வருஷம் கிளாக்கராக இருந்த புத்தி, ஐயா! சொன்னதை அப்படியே சொன்னேன்: "வேண்டாம் என்கிறார்."

அதிகாரி 'மறுத்துவிட்டார்' என்று எழுதினார். ஒரு தரம் மறுத்தவரை அந்த வருஷம் திரும்பவும் முன்மொழியக் கூடாது என்பது விதி. நாங்கள் இரண்டாவது தரம் வற்புறுத்த வாயைத் திறப்பதற்குள் பைலை மூடிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன், சிங்களத்தில் எனக்குத் தெரிந்த மரியாதையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். எழுதினது எழுதினதுதான் என்றார். பவானி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். டாக்டரையா மட்டும் மெதுவாக என் காதோரம் வந்தார். "மூணு தடவையாச்சும் கேப்பீங்கன்னு நெனச்சேன் தம்பி. எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிகூட ரெண்டு தடவை கேட்டாத்தான் சோத்துல கை வைப்பாரு."

ஆறு படிவங்கள்

விசேஷக் கூட்டம் கூட்ட அந்த வியாழக்கிழமைதான் கிடைத்தது. மறுநாள் கடைசி நாள். மாடியில் இருபது ஆம்பளைகள் இருந்தார்கள். தலைவராக வருகிறவர் சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறதே, அதைக் கேட்டதும் ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் போனைப் பார்த்தார். பவானி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "ஒரு கையெழுத்துக்கு இத்தனை பயமா? மாலை போடுறதுன்னா மட்டும் முண்டியடிச்சிக்கிட்டு வருவீங்க!" பின்வரிசையில் யாரோ, "அப்ப நீயே போடேன், பாப்போம்" என்றான். "போடுறேன். என் பேர எழுதுங்க ஐயா" என்றாள்.

நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். சங்கத்தில் பதவி வகிப்பவர் அந்த வருஷம் ஆட்டக்காரராகப் பதிய முடியாது. "இன்னொருக்கா வாசிங்க" என்றாள். இன்னொரு தரம் வாசித்தேன், எழுத்து மாறிவிடாதா என்ற நப்பாசையோடு. அவள் ஆடவேண்டுமென்றால் தலைவராகக் கூடாது. தலைவர் இல்லாவிட்டால் ஆறு பேருமே போக முடியாது. முன்வரிசையில் மற்ற ஐந்து புள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். ஆம்பளைகளில் ஒருவர் பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீர் என்னத்தைக் கிழித்தீர் என்று கேட்பீர்கள். சம்பளம் வாங்குகிற செயலாளர் தலைவராக முடியாது என்று அதே பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பவானி முன்வரிசையில் இருந்த அந்த ஐந்து பேரையும் பார்த்தாள். "எழுதுங்க" என்றாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "இந்தப் புள்ள தலைவரா வந்தா வாடகை கேக்க மாட்டன்டு சொல்லல்ல. மெதுவாக் கேப்பன்." மாலை வாங்கி வைக்க ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அந்த ஐந்து பேரும் இப்போது கொழும்பில். தோட்டத்து லயங்களில் ஐந்து வீட்டுக்கு மாசச் சம்பளம் வருகிறது. பவானி விடிந்தால் பால் வெட்டப் போகிறாள், பின்னேரம் மாடியேறி வருகிறாள். அன்றைக்கு ஐந்து படிவத்திலும் அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும், ஆறாவது, அவளுடைய படம் ஒட்டினது, மேசையில் தனியாகக் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எடுத்தாள், படத்தை மட்டும் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு ஐயா, அடுத்த கூட்டத்துக்கு இதுலயே கடிதம் அடிங்க. பேப்பர் வாங்க நம்மகிட்ட ஏது காசு?"

நாலு வருஷத்தில் மூன்று தலைவர்களுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டேன், பதவியேற்ற நாளிலேயே தன் கைமுதலை இழந்தவர் ஒருவர்தான், சங்கம் இன்றைக்கும் விழாமல் நிற்பதும் அவர் காலத்தில்தான்.